பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு பறவை எண்ணுவது எப்படி?

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாட்கள் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் பானைக்கு, ஒரு நாள் மாட்டுக்கு, ஒரு நாள் கூட்டத்தில் சிக்கித் திரும்புவதற்கு, மிச்ச நேரமெல்லாம் டிவிக்கு. செங்கல்பட்டு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டில் சில வருடங்களாக இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. காலையில் காபி குடித்த கையோடு, ஆயாவிலிருந்து ஐந்து வயது வாண்டு வரை மொட்டைமாடிக்கு ஏறிக் கால் மணி நேரம் பறவைகளை எண்ணுகிறோம். எண்ணியதை அங்கேயே பதிந்துவிட்டு இட்லி சாப்பிட இறங்குகிறோம். அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 இலிருந்து வருடா வருடம், பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் நடக்கிறது. தமிழ் பேர்டர்ஸ் நெட்வொர்க் என்கிற பறவை ஆர்வலர் கூட்டம் தொடங்கி வைத்தது. தேதி பெரும்பாலும் ஜனவரி 14 அல்லது 15 இல் ஆரம்பிக்கும்; பேர்ட் கவுன்ட் இந்தியா அமைப்பின் இணையதளத்தில் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். கட்டணம் கிடையாது. நிபுணராக இருக்க வேண்டியதில்லை. காகத்துக்கும் மைனாவுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும்.

குடும்பமாகத் தொண்டு செய்யலாம் என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது, பண்டிகையன்று ஒரு இல்லத்துக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போவது. நல்ல எண்ணம்தான். ஆனால் அன்றைக்கு அங்கே ஏற்கெனவே மூன்று வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் வந்திருக்கும். போகிறவர்கள் மாசியிலோ ஆடியிலோ போனால் அவர்களுக்கு உபயோகம். பொங்கல் நாளிலேயே செய்தாக வேண்டிய வேலை ஒன்று வேண்டும் என்றால், இந்தக் கணக்கெடுப்பு சரியாகப் பொருந்துகிறது.

பண்டிகை நாளில் பறவை எண்ணுவது புது யோசனை இல்லை. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று துப்பாக்கியோடு அணி பிரிந்து போய், யார் அதிகம் சுட்டு வீழ்த்துகிறார்கள் என்று போட்டி வைக்கும் பழக்கம் இருந்தது. ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணலாமே என்று 1900 இல் அழைப்பு விடுத்தார். முதல் வருடம் 27 பேர், 25 இடங்களில் எண்ணினார்கள். இன்றைக்கும் அது நிற்கவில்லை. நம் பக்கத்தில் கேரளத்தில் ஓணத்துக்கும் அசாமில் பிஹுவுக்கும் இதே மாதிரி எண்ணுகிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

மார்கழியிலேயே செய்து வைக்க வேண்டியது

பதிவெல்லாம் இ-பேர்டு என்ற செயலியில் நடக்கும். இலவசம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் நடத்துவது. வீட்டுக்கு ஒரு பெரியவர் பெயரில் ஒரு கணக்கு போதும். நான்கு பேர் நான்கு போனில் ஒரே மாடியிலிருந்து பதிந்தால் ஒரே காகம் நான்கு காகமாகிவிடும். தனித்தனிக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒருவர் பதிந்த பட்டியலை மற்றவர்களுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கு வசதி இருக்கிறது, அப்படிச் செய்தால் கணக்கு இரட்டிக்காது.

நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை, அதாவது அங்கே காணக்கூடிய பறவைகளின் பெயர்ப் பட்டியலை, வைஃபை இருக்கும்போதே செயலியில் தரவிறக்கி வைத்துவிடுங்கள். எங்கள் ஊர் ஏரிக்கரையில் சிக்னல் மதகுக்கு இந்தப் பக்கம் வரைதான் வரும். தொகுப்பு போனில் இருந்தால் சிக்னல் இல்லாமலே எழுதி வைத்து, வீட்டுக்கு வந்த பிறகு அனுப்பலாம்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் இரண்டு மூன்று தடவை ஒத்திகை பாருங்கள். இதை விட்டால் பொங்கலன்று காலை எல்லோரும் போனைச் சுற்றி நின்று எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சண்டை போடுவீர்கள், பறவை பறந்து போயிருக்கும்.

கருவி என்று பார்த்தால் ஒரு நோட்டு, ஒரு பென்சில். பைனாகுலர் இருந்தால் நல்லது. 8x42 என்று போட்டிருக்கும் அளவு பழகுவதற்கு எளிது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும்: மொட்டைமாடியில் பைனாகுலரோடு நிற்பதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே வேப்பமரம் இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எங்கே எண்ணுவது

வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. சொல்லப்போனால், பொங்கல் விடுமுறையில் அங்கே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பறவையைவிட மனிதத் தலைகள்தான் அதிகம் தெரியும். அங்கே எண்ணுவதற்கு ஆட்கள் வருடம் முழுக்க வருகிறார்கள். உங்கள் ஊர் ஏரியை, தென்னந்தோப்பை, கோயில் குளத்தை யார் எண்ணப் போகிறார்கள்? பெயர் தெரியாத ஒரு குளத்திலிருந்து வரும் பட்டியல், பெயர்பெற்ற சரணாலயத்திலிருந்து வரும் ஆயிரத்தோராவது பட்டியலைவிட மதிப்புள்ளது.

நகரத்து அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியிலிருந்தே எண்ணலாம். பத்து வகைகூடத் தேறாது என்று நினைப்பீர்கள். காகம், மாடப்புறா, மைனா, பச்சைக்கிளி, கரும்பருந்து, கீச்சென்று கத்திக்கொண்டு போகும் தேன்சிட்டு என்று எண்ண ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் தேறிவிடும்.

வீட்டிலிருந்து பதியும்போது இடத்துக்குப் பெயர் கேட்கும். கதவு எண், தெருப் பெயர் எல்லாம் போடாதீர்கள், அந்தப் பெயர் மற்றவர்களுக்கும் தெரியும். ஊர் பெயரும் ‘மாடி’ என்பதும் போதும்.

கால் மணி நேரப் பட்டியல்

இதுதான் முக்கியமான பகுதி. நாங்கள் முதல் வருடம் கோட்டைவிட்டதும் இதில்தான். காலை ஆறு மணிக்கு ஒரு பட்டியல் ஆரம்பித்து, வீடு, களம், ஏரி, அத்தை வீடு, கோயில் என்று பார்த்ததையெல்லாம் அதிலேயே போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு முடித்தோம். 38 வகை! பெருமையாக இருந்தது. அப்புறம்தான் விவரம் தெரிந்தவர் ஒருவர் சொன்னார், அந்தப் பட்டியலால் யாருக்கும் பயனில்லை என்று. எந்தப் பறவை எந்த இடத்தில், எவ்வளவு நேரத்தில் கிடைத்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

ஒரு இடம், குறைந்தது 15 நிமிடம், ஒரு பட்டியல். இடம் மாறினால் புதுப் பட்டியல். நடந்துகொண்டே எண்ணினால் அதற்குத் தனி வகை இருக்கிறது, எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதையும் பதிய வேண்டும், செயலியே அளந்துவிடும். அதே மாடியிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு பட்டியல் போடுவதில் தவறே இல்லை.

கடைசியில் செயலி ஒரு கேள்வி கேட்கும். உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா என்று. புதிதாக வருபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். பெயர் தெரியாத ஒரு குருவியை விட்டுவிட்டோமே, ‘இல்லை’ என்று போட வேண்டுமோ என்று. வேண்டாம். தெரிந்ததையெல்லாம் போட்டிருந்தால் ‘ஆம்’ தான். தெரிந்தே எதையாவது விட்டிருந்தால்தான் ‘இல்லை’. “காகம்தானே, எதுக்கு அதைப் போய் எழுதிக்கிட்டு” என்று விட்டீர்களானால் பட்டியல் கெட்டது.

ஏன் இவ்வளவு கறார்? முழுப் பட்டியல் என்று தெரிந்தால், அதில் இல்லாத பறவையும் ஒரு தகவல். ஒரு மாவட்டத்தில் நூறு முழுப் பட்டியல் வந்திருக்கிறது, அதில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது என்று பார்ப்பார்கள். பத்து வருடம் கழித்து வரும் நூறு பட்டியலில் எத்தனை என்று பார்ப்பார்கள். பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று தெரிவது இப்படித்தான். 2023 இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த மூன்று கோடிக்கு மேற்பட்ட பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளை அலசியது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பனங்காடை வேகமாகக் குறைந்துவருகிறது என்று தெரிந்தது இதிலிருந்துதான். மயில் பெருகிவிட்டது என்பதும் அதிலேயே இருக்கிறது. விவசாயம் செய்யும் எங்கள் சித்தப்பாவுக்கு அதை அறிக்கை வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யாருக்கு எந்த வேலை

வேலையைப் பிரித்துக் கொடுக்காவிட்டால் போன் வைத்திருப்பவர் மட்டும் எண்ணுவார், மற்றவர்கள் ஐந்தாம் நிமிடத்தில் கீழே இறங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா பார்த்துச் சொல்வார். என் மகள் நோட்டில் கோடு போடுவாள். நான் போன். வாண்டுக்குப் பச்சைக்கிளி மட்டும், வேறு எதுவும் அவன் பொறுப்பில்லை. ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் காது கூர்மை. தவிட்டுக்குருவிக் கூட்டம் வேலியில் கசமுசாவென்று பேச ஆரம்பித்தாலே பார்க்காமல் சொல்லிவிடுவார். செம்போத்தின் ‘ஊப் ஊப்’ குரலை எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். சத்தத்தை வைத்து உறுதியாகத் தெரிந்தால் அதையும் பதியலாம்.

மெர்லின் என்று இன்னொரு செயலி, சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். குழந்தைகளுக்கு அது மந்திரம் மாதிரி. ஆனால் அது சொன்னதையெல்லாம் அப்படியே பட்டியலில் போடாதீர்கள். கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும், போன் ஏமாந்துவிடும். அது சொல்லும் பெயரைக் குறிப்பாக வைத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் தேடுங்கள்.

எண்ணும் முறை

வட்டமடிக்கும் பருந்து திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரு பருந்துதான். என் மகள் ஒருமுறை ஏழு கோடு போட்டிருந்தாள். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கை எதுவோ அதைப் போடுங்கள். ஒரு பக்கமாகப் பறந்து போய்த் திரும்பாதவற்றை மட்டும் கூட்டிக்கொண்டே போகலாம்.

சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை கொக்குகளும் கிளிகளும் அடையப் போகும். வரிசை வரிசையாக வரும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே அளவில் இருபது, முப்பது என்று தாண்டிக்கொண்டே போக வேண்டியதுதான். நூறுக்குப் பத்து முன்னே பின்னே இருந்தால் குற்றமில்லை. உண்மையிலேயே எண்ண முடியாவிட்டால் எண்ணுக்குப் பதிலாக ‘எக்ஸ்’ என்று போட இடம் இருக்கிறது. அதைச் சோம்பேறித்தனத்துக்குப் பயன்படுத்தாமல் இருந்தால் சரி.

பொதுவாகக் குழம்புகிறவை

காகம் இரண்டு வகை. கழுத்து சாம்பலாக இருந்தால் வீட்டுக்காகம். முழுக்கக் கறுப்பு, தடித்த அலகு என்றால் அண்டங்காக்கை. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

வெள்ளைக் கொக்கில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். மாட்டோடு மாடாக வயலில் நடப்பது, குட்டையான மஞ்சள் அலகு என்றால் உண்ணிக்கொக்கு. அலகு கறுப்பு, காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் சாக்ஸ் போட்ட மாதிரி இருந்தால் சின்னக் கொக்கு. பெரிதாக இருக்கிறதே, எது என்று தெரியவில்லையா? ‘கொக்கு வகை’ என்று பொதுவாகப் பதியவும் செயலியில் வழி உண்டு. ஊகித்துப் போடுவதைவிட அது நேர்மை. வரப்பில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருந்து, பறக்கும்போது திடீரென்று வெள்ளையாகிவிடுவது மடையான்.

கரும்பருந்துக்கு வால் நடுவில் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். செம்பருந்துக்குத் தலை வெள்ளை, உடல் செங்கல் நிறம்; கிராமத்தில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அதுதான். கறுப்பாக ஒன்று சிவந்த கண்ணோடு இலைக்குள் ஒளிந்திருந்தால் ஆண் குயில்; தை மாதத்தில் அவ்வளவாகக் கூவாது, அதனால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். பெண் குயில் உடம்பெல்லாம் புள்ளி.

ஜனவரியில் விருந்தாளிகளும் இருப்பார்கள். கம்பிகளில் வரிசையாகத் தகைவிலான், ஈர நிலத்தில் வாலை ஆட்டிக்கொண்டே ஓடும் மஞ்சள் வாலாட்டி, முள்மரத்து உச்சியில் தனியாக உட்கார்ந்து கறகறவென்று திட்டும் பழுப்புக் கீச்சான். இவை பனிக்காலத்துக்கு மட்டும் இங்கே வருகிறவை. உலகப்படத்தில் அவை எங்கிருந்து வருகின்றன என்று குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள், சாப்பாட்டு நேரம் வரை சத்தம் இருக்காது.

நாள் வாரியாக

போகி அன்றே கணக்கெடுப்பு ஆரம்பித்தால், விடியற்காலை வேண்டாம். நகரத்தில் புகையில் எதிர்வீடே தெரியாது. மாலையில் பாருங்கள்.

பொங்கலன்று வீட்டுப் பெண்கள் யாரும் மாடிக்கு வர மாட்டார்கள், அடுப்பு அவர்களைப் பிடித்து வைத்திருக்கும். இது நியாயமில்லை என்று அத்தை ஒரு வருடம் கேட்டார். அதிலிருந்து பானை வைக்கும் வாசலிலேயே ஒரு பட்டியல் போடுகிறோம். பால் பொங்குவதற்கு முன் கால் மணி நேரம் அங்கே எல்லோரும் சும்மாதான் நிற்கிறோம்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் கனுப்பிடி வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு வேலை சுலபம். மஞ்சள் இலையில் வண்ணச் சோறு வைத்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். காகமும் மைனாவும் தாமாகவே வரும். அப்புறம் மாடு குளிப்பாட்டும் இடத்துக்குப் போங்கள். எங்கள் ஏரியில் அன்றைக்குத்தான் வாலாட்டியும் உண்ணிக்கொக்கும் அத்தனை கிட்டே வந்து நிற்கும்.

காணும் பொங்கலுக்குக் கடற்கரைக்கோ பூங்காவுக்கோ போகிறவர்கள், கூட்டம் சேருவதற்கு முன் காலை ஏழு மணிக்குள் எண்ணி முடித்துவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

பறவையை வரவழைக்கப் போனில் அதன் குரலைப் போட்டுக் காட்டாதீர்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள், படம் எடுக்கவும் வேண்டாம். தை மாதம் கதிர் சாய்ந்து நிற்கும் காலம். வரப்பில் பிள்ளைகளை வரிசையாக ஓடவிட்டால் நிலத்துக்காரர் திட்டுவார், திட்டவும் வேண்டும். முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள். ஏரியில் சேறு எங்கே ஆழம் என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும், அதனால் கரையை விட்டு இறங்க வேண்டாம்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியிருக்கும் கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளைக் காட்டி நம் பிள்ளைகளிடம் சத்தம் போடாமல் நிற்கச் சொல்லலாம். கொஞ்ச நேரம் வேலை செய்யும்.

நான்காம் நாள் மாலை

அனுப்பாமல் போனிலேயே தங்கிவிட்ட பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். நேரத்தைச் சரிபாருங்கள், காலை 6:30 ஐ மாலை 6:30 என்று போட்டுவிடுவது சகஜம். 30 கிளி 300 ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் பிறகும் திருத்த முடியும்.

சில சமயம் சில நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வரும். நீங்கள் பதிந்த இந்தப் பறவை இந்தப் பகுதியில் அபூர்வம், எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று பணிவாகக் கேட்டிருப்பார்கள். கேட்பவரும் உங்களைப் போல ஒரு தன்னார்வலர்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு ஒரு வருடம் வந்தது. ஏரிக்கரைப் பனைமரத்தில் பார்த்த ஒரு சிறு பருந்தை, வடக்கிலிருந்து வரும் அரிய வகை என்று பதிந்திருந்தோம். கலங்கலான படம் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக்கி எல்லோரும் பார்த்தோம். வல்லூறு. அதுவும் ஏற்கெனவே பட்டியலில் இருந்த வல்லூறுதான். அந்த வருடம் அறுபது வகையைத் தாண்டிவிட்டோம் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. அப்படியே விட்டுவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றார் சித்தப்பா. மகள் போனை வாங்கி அழித்தாள். 61 என்பது 60 ஆனது.